கிளீனர் சைடு ஆக்ஸில்

ஜூன் 29, சனி

பால் சொசைட்டியில் கொடுத்த டைரி ஆறு மாதமாக அரிசி டிரம்மின் மேல் சும்மா கிடந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நம்பர்கள் மட்டும் தெரியும். என் சம்சாரம் சாந்தாமணி எட்டாவது வரை படித்தவள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று இன்று காலையில் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்வதை அவள் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒழுங்காக்கித்தான் எழுதுவாளாம். ஆனால் யாராவது பேசினால் அதைப் பேசியபடியே போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாசித்துக் காட்டச் சொல்வேன். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

பெயர் நாச்சிமுத்து. வயது எழுபத்து நான்கு. லாரி ஓட்டியது நாற்பத்தொரு வருடம். எழுத்து தெரியாதவனுக்குத் தலைதான் நோட்டு. 1979 சித்திரையில் தொப்பூர் இறக்கத்தில் என்னைத் தப்பாக முந்திப்போன டேங்கரின் நம்பர் இன்றைக்கும் தெரியும். அந்த டிரைவர் எதிரே வந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இனி விஷயம். ஜூலை 12 வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியில் சாந்தாமணிக்கு டிரைவிங் டெஸ்ட். அவளுக்கு வயது அறுபத்திரண்டு. எல்.எல்.ஆர். ஜூலை 16இல் முடிகிறது. 17ஆம் தேதி ஆடி பிறக்கிறது. இந்த டெஸ்டை விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். போன தடவை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அவளுக்கு வேர்த்த வேர்வையில் மவுஸ் வழுக்கிக்கொண்டு போனது. அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: “இந்த ஒரு வாட்டிதானுங்க. இதுல ஆகலீன்னா வண்டிய வித்துப்போடுங்க.”

கார் ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. (இந்த இடத்தில் பேனா நின்றது. நான் சொன்னதை எழுது புள்ள என்றேன்.)

பொங்கலுக்கு மறுநாள் நான் ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தது. பிரேக் அடித்தேன். முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியது. நாய்க்கு ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் போய் அவளுக்கு எல்.எல்.ஆர். போட்டோம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டிரைவிங் ஸ்கூலுக்கு நான்கு நாள் போனாள். அங்கே மாஸ்டர் சத்தம் போட்டார். ஐந்தாம் நாள் இவள் சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் இருபத்திரண்டு வயது வெள்ளைக் காரில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு இந்த ஒரு வண்டியைத்தான் ஓட்டத் தெரியும். டெஸ்டுக்கும் இதில்தான் போக வேண்டும்.

இன்று குளத்துமேட்டில் வலது பக்கம் திருப்பினாள். முன்னால் டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம். வெற்றிலை இடிக்கிற மாதிரி.

ஜூன் 30, ஞாயிறு

சத்தத்தைப் பிடிக்க வண்டியைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனோம். நான் நடுவில் நின்றேன். அவள் என்னைச் சுற்றி வந்தாள். செக்கு மாதிரி பதினெட்டுச் சுற்று. முடிந்தபோது எனக்குத்தான் தலை சுற்றியது. அவள் இறங்கி இன்னும் சுற்றட்டுங்களா என்று கேட்டாள்.

இடது பக்கம் சுற்றினால் சத்தம் இல்லை. வலது பக்கம் சுற்றினால் டக் டக். ஆகையால் வலது பக்கத்து முன்சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்ஸில் தண்டு போய்விட்டது. லாரிக்காரர்கள் வலதை டிரைவர் சைடு என்போம், இடதைக் கிளீனர் சைடு என்போம். எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம் கத்தினால் கோளாறு அந்தப் பக்கம். நாற்பத்தொரு வருடம் இப்படித்தான்.

எதிர்வீட்டு ஆறுச்சாமி நாற்காலியோடு வந்தார். நூல் மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேலையையும் உட்கார்ந்தபடி மேற்பார்வை செய்வார். “ஏனுங்ணா, லாரியெல்லாம் பின்னால் சக்கரம் தள்ளுற வண்டி. இது முன்னால் சக்கரம் இழுக்கற வண்டி. கணக்கு ஒண்ணாவே இருக்குமுங்களா?” என்று கேட்டார். சக்கரம் என்றால் சக்கரம்தான் என்றேன். ஆக்ஸில் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். பார்த்தாயிற்று என்றேன்.

ஒர்க்‌ஷாப்பில் முன்னால் ஏழு வண்டி நிற்கிறதாம், 15ஆம் தேதிக்குப் பிறகு வரச் சொல்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. நானே மாட்டப் போகிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

பொள்ளாச்சி ஸ்பேர்ஸ் கடை ஜமால் பாய்க்குப் போன் போட்டேன். டிரைவர் சைடு ஆக்ஸில் ஒன்று வேண்டும் என்றேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லை, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, பக்கம் சரிதானே என்று இரண்டு தடவை கேட்டார். பாய், என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா என்றேன். ஆறுச்சாமி ஸ்கூட்டரில் போய் வாங்கிவந்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் கைக்குழந்தை மாதிரி எண்ணெய்த் தாளில் சுற்றிவைத்திருக்கிறார்கள். கனமும் அதே கனம். சாந்தாமணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு யார் ஜாடை என்று கேட்டாள்.

ஜூலை 3, புதன்

மழை. ஆக்ஸில் கட்டிலுக்கடியில் தூங்குகிறது.

ஜூலை 4, வியாழன்

இன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. ஆறுச்சாமிக்குத் தைலம் போட்டிருக்கிறது.

வேலை இதுதான். சக்கரத்தின் நடுவில் ஆக்ஸில் முனையில் ஒரு பெரிய நட்டு. வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்னால், சக்கரம் தரையில் இருக்கும்போதே அதை இளக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்த வேண்டும், இன்னொருவர் வெளியே திருப்ப வேண்டும். இது தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை, புருஷன் பெண்டாட்டி வேலை.

சாந்தாமணி உள்ளே ஏறி, நாளை மறுநாள் வரைக்கும் எடுக்க மாட்டேன் என்கிற மாதிரி பிரேக்கில் காலை வைத்தாள். நான் நட்டில் சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியில் பழைய போர்வெல் பைப்பைச் செருகினேன். ஐந்தடி பைப். அழுத்தினேன். அசையவில்லை. பைப்பின் மேல் ஏறி நின்றேன். அசையவில்லை. நாற்காலியிலிருந்து ஆறுச்சாமி, எடை போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் வந்து ஏறும் என்றேன். அவரும் வந்து ஏறினார். இரண்டு கிழவன்கள் ஒரு பைப்பின் மேல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குதித்துக் குதித்து அழுத்துகிறோம். வேட்டி பறக்கிறது.

உள்ளேயிருந்து கண்ணாடியில் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் கால் நழுவியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நாங்கள் இருவரும் செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்தோம்.

வண்டிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக்கொண்டிருக்கிறாள். “டெஸ்டுல இப்படிச் சிரிச்சா ஃபெயில் பண்ணிப்போடுவாங்க அம்மிணி” என்றேன். “அங்க நீங்க ரெண்டு பேரும் குதிக்க மாட்டீங்களே” என்றாள்.

இரண்டாம் தடவை நட்டு கிரீச் என்று இளகியது. மூன்று பேரும் காபி குடித்தோம்.

ஜூலை 6, சனி

ஆக்ஸிலை உருவுவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவிய ஓட்டை வழியாக எல்லாம் வாசலில் கொட்டிவிடும். தொட்டிப் பக்கம் கிடந்த பழைய பேசினை எடுத்து அடியில் வைத்து வடித்தேன். அது பழைய பேசின் இல்லை. நாளைக்கு இட்லிக்கு ஆட்டிவைத்த மாவுப் பாத்திரம். மேலே ஒரு தட்டு மூடியிருந்ததாம். தட்டை எடுத்தவனுக்கு மாவு தெரியவில்லையா என்று கேட்கிறாள். மாவும் வெள்ளை, பேசினும் வெள்ளை, வெயிலும் வெள்ளை, நான் என்ன செய்வேன்.

பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, “செரி, சொல்லுங்க” என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

உப்புமா.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் இரண்டு தென்னந் துண்டம் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தைக் கீழே தாங்குகிற கையின் போல்ட்டை எடுத்து, சக்கரம் மாட்டுகிற தலையை வெளியே சாய்த்து, ஆக்ஸிலின் வெளி முனையை உருவினேன். உள் முனை கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறு கம்பி வளையத்தில் பூட்டிக்கொண்டிருக்கும். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் டப் என்று கழலும். டப் என்றது. பல் பிடுங்கிய மாதிரி ஒரு சுகம்.

புதிதையும் போட்டுவிட்டேன். விளக்கு வேண்டுமா என்று சாந்தாமணி கேட்டாள். வேண்டாம் என்றேன். விரல் நுனியில் எல்லாம் தெரிகிறது. கழற்றிய வரிசை தலையில் இருக்கிறது.

கழற்றிய பழைய ஆக்ஸிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆறுச்சாமி, “இது நெம்ப நல்லா இருக்குதுங்களே ணா” என்றார். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே போயிருக்கும், மனுஷனும் அப்படித்தான் என்றேன். அவர் அதை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

ஜூலை 8, திங்கள்

புது ஆயில் ஊற்றினோம். புனலை அவள் பிடித்தாள். பாதி ஆயில் புனலுக்கு வெளியே போயிற்று. புனல் சின்னது.

சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்குவதற்கு ஆறுச்சாமியும் நானும் மறுபடி பைப்பில் ஏறினோம். எதிர்வரிசைப் பெண்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். ஆறுச்சாமி புது வேட்டி கட்டி வந்திருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

வளர்மதி திருப்பூரிலிருந்து போன் செய்தாள். என் மகள். அம்மாவுக்கு இந்த வயதில் எதற்கு இந்த வேலை, நீங்கள்தான் ஓட்டுகிறீர்களே என்றாள். உன் அம்மாவின் ஆசை என்றேன். போனை என் காதில் பிடித்துக்கொண்டிருந்த சாந்தாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூலை 10, புதன்

காலை பதினொரு மணிக்கு வண்டியை எடுத்தாள். தெருவில் நேராகப் போனாள், சத்தமில்லை. இடது பக்கம் திருப்பினாள், சத்தமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டேன். குளத்துமேட்டில் வலது பக்கம் திருப்பினாள்.

டக் டக் டக் டக்.

வீட்டுக்கு வந்தோம். பேரிங்காக இருக்கும் என்றேன். அவள் இறங்கி, கிளீனர் சைடு முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டாள்.

“இங்க பாருங்க மாமா. இந்த ரப்பரு கிழிஞ்சு தொங்குது. கிரீஸெல்லாம் வழிஞ்சு சக்கரத்துக்கு உள்ளாறப் பூராக் கறுப்பா அப்பிக் கெடக்குது. போன மாசமே நான் பார்த்தேன். நாப்பது வருசம் லாரி ஓட்டுன மனுசனுக்குத் தெரியாதாக்கும்னு சும்மா இருந்துட்டேன்.”

குனிந்து பார்த்தேன். நிழல் என்றேன்.

“நல்ல வெயிலுங்க. மணி பதினொண்ணரை.”

நான் எழுந்து நின்றேன். அவள் எழவில்லை. கீழேயிருந்தபடியே கேட்டாள்: “பொங்கலுக்கு மக்யா நாளு குறுக்கால ஓடுன நாய் என்ன நெறமுங்க?”

தொப்பூர் இறக்கத்து டேங்கரின் நம்பரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த மாட்டுவண்டிகளில் எந்தக் காளைக்குக் கொம்பு முறிந்திருந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாயின் நிறம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்து டைரியை எடுக்கச் சொன்னேன். நாய் இல்லை. சொசைட்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு பால் கேன் இருந்தது. கேனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கேன் உருண்ட சத்தம் கேட்டுத்தான் பிரேக் அடித்தேன். அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. அவள் திட்டியபோதுதான் அங்கே ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு வருடமாக எல்லாவற்றின் மேலும் யாரோ மோர் ஊற்றிவைத்த மாதிரி இருக்கிறது. அந்தக் கேன் உருண்ட நாளுக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டி ஓட்டுவது அவளுடைய ஆசை இல்லை. நான்தான் கிளப்பிவிட்டேன்.

இதைச் சொல்லும்போது அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “மாவுச் சட்டியிலயே தெரிஞ்சுபோச்சுங்க” என்றாள். பிறகு எழுந்து போய் ஜமால் பாய்க்குப் போன் போட்டாள். கிளீனர் சைடு என்று அவளே சொன்னாள். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் வலது பக்கம் ஒடித்தால் கத்துவது இடதுதான் என்று பாயும் சொன்னாராம்.

ஜமால் பாயிடம் இந்தப் பக்கத்து ஆக்ஸில் இல்லை. கோயம்புத்தூர் குடோனிலிருந்து நாளைக் காலை பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறேன் என்றார். டெஸ்டுக்கு நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

காலை ஒன்பது நாற்பதுக்குக் கோயம்புத்தூர் பஸ். ஒன்பது மணிக்கே போய் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் நின்றதும் டிரைவர் என்ஜின் பெட்டியின் மேலிருந்து சாக்கு சுற்றிய ஆக்ஸிலைத் தூக்கி ஜன்னல் வழியாக நீட்டினார். அதன் மேல் ஓர் அம்மா வழியெல்லாம் கால் வைத்து வந்திருக்கிறார். இறக்கும்போது, என் காலுக்கு வேறு என்ன வைப்பது என்று கோபித்துக்கொண்டார்.

இது நெட்டை ஆக்ஸில். முன் முனையை அவள் பிடித்தாள், பின் முனையை நான் பிடித்தேன். வீடு வரைக்கும் ஒரு கிலோமீட்டர் இப்படியே நடந்தோம். அவள் முன்னால் போய்க்கொண்டே குழி என்றாள், மேடு என்றாள், சாணி என்றாள். சாணி என்று சொன்னபோது கொஞ்சம் தாமதம். டீக்கடையிலிருந்து ஒருவர், “ஏனுங்க, மலைப்பாம்பா?” என்று கேட்டார். ஆமாங்க, இட்லிக்குத் தொட்டுக்க என்றாள். அவளுக்கு எங்கிருந்து இந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. இரும்பு வழியாக அவள் சிரிப்பு என் கைக்கு வந்தது.

பத்தரைக்கு வேலை ஆரம்பம். இந்தத் தடவை வரிசை மாறியது. பிரேக்கில் நான். பைப்பின் மேல் அவளும் ஆறுச்சாமியும். அவள் காட்டு வேலைக்குப் போடுகிற முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்தாள். ஒரே குதிப்பில் நட்டு இளகிவிட்டது. ஆறுச்சாமி பைப்பிலிருந்து இறங்கி, எடை போதும் என்றார். அவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மத்தியானம் அவருக்குச் சாப்பாடு அவர் வீட்டிலேயே.

ஆயிலை வடித்தோம். பேசினை அவள் எடுத்துவந்தாள்.

அதற்குப் பிறகு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் அவள்தான் போனாள். நான் வெளியே தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மூடினால்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எந்த போல்ட் எங்கே, எது இளகும், எது முரண்டு பிடிக்கும், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை விரலில் ஏறியது அப்படியே இருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே நீட்டினாள். நான் வாங்கி இடமிருந்து வலமாக அடுக்கினேன். கடப்பாரையை இடுக்கில் கொடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். கியர்பாக்ஸ் உடைந்துவிடுமா என்று கேட்டாள். என்னைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு நெம்பு என்றேன்.

டப்.

அவ்வளவு பலமாக நெம்பியிருக்க வேண்டியதில்லை.

புதிதைச் செருகும்போதுதான் சோதனை வந்தது. உள் முனை ஏறவில்லை. தள்ளினாள், ஏறவில்லை. மறுபடி தள்ளினாள். மணி மூன்றாகிவிட்டது. மழை மூட்டம் வேறு. ஆறுச்சாமி நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏற மாட்டீங்குது மாமா” என்றாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது. “வித்துப்போடலாமுங்க. நடந்தே போயிக்கலாம்.”

“அம்மிணி, தள்ளாதே. வெளிய எடு. முனையில ஒரு கம்பி வளையம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“வளையத்துல ஒரு எடத்துல வாய் பொளந்திருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்குது?”

“மேல பார்க்குதுங்க.”

“அதக் கீழ திருப்பு. கொஞ்சம் கிரீஸ் அப்பி அப்படியே நிக்க வெய். இப்ப ஆக்ஸிலை நேரா புடிச்சு, கோழிக்குஞ்சைக் கூட்டுக்குள்ள விடற மாதிரி விடு. கடைசியில மட்டும் ஒரே தட்டு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. டிக். பிடித்து இழுத்துப் பார் என்றேன். “வர மாட்டீங்குதுங்க” என்றாள். வரக் கூடாது, அதுதான் வேண்டும் என்றேன்.

வெளியே வந்தவளைப் பார்த்து ஆறுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் ஆயிலாம், பல் மட்டும் தெரிகிறதாம். எனக்கு வெள்ளையாக ஒன்று மட்டும் தெரிந்தது. அது சிரிப்பு என்று நானே கண்டுபிடித்துவிட்டேன்.

சக்கரத்தை மாட்டி, நட்டை முடுக்கி, ஆயிலை ஊற்றி, ஐந்து மணிக்கு மைதானத்தில் வலது பக்கமாக ஏழு சுற்று. ஒரு சத்தம் இல்லை. எட்டாவது சுற்று வேண்டியதே இல்லை, சும்மா சுற்றினாள். ஒன்பதாவதில் ஆறுச்சாமியும் ஏறிக்கொண்டார்.

ஜூலை 12, வெள்ளி

பச்சைச் சேலை. ஆயில் வாசனை போக மூன்று தடவை குளித்தாள். போகவில்லை.

மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு சின்ன வயசுப் பெண் என்பது குரலில் தெரிந்தது. கூட வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள் என்றார். என்னைத் தனியாகப் பார்த்து, “ஐயா, கைச்சாடை எதுவும் காட்டக் கூடாது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் யாருக்குக் காட்டுவேன், அவள் எங்கே இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் வண்டியை எனக்குத் தெரியும். நாலைந்து வண்டிகளுக்கு நடுவில் எங்களுடையது கிளம்பிய சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் கியர். இரண்டாம் கியர், கொஞ்சம் அவசரம். எட்டுப் போடுகிற இடத்தில் முதலில் இடது. பிறகு வலது. டக் இல்லை. டயர் மண்ணை அரைக்கிற சத்தம் மட்டும்.

பின்பக்கமாக எடுக்கிற இடத்தில் என்ஜின் நின்றுவிட்டது.

பக்கத்தில் நின்றவர், அந்த அம்மாவுக்கு ஆஃப் ஆகிவிட்டது என்று யாரிடமோ சொன்னார். நாற்பத்தொரு வருடத்தில் எத்தனையோ மலையில் எனக்கு வண்டி நின்றிருக்கிறது, அப்போதெல்லாம் நான் கயிற்றுக்கு வெளியே நின்றதில்லை. சாவியைத் திருப்பு, கிளட்சை மிதி, திருப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. அவசரமில்லாமல் பின்னால் வந்தது. நின்றது. ஹேண்ட் பிரேக் இழுத்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நெடுநேரம். பச்சையாக ஏதோ ஒன்று என்னை நோக்கி வந்தது. ஆயில் வாசனை வந்த பிறகுதான் அவள் என்று உறுதியானது.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“கையில என்னங்கம்மா இவ்வளவு கறுப்புன்னு கேட்டாங்க. ஆக்ஸில் மாட்டுனேன்னு சொன்னேன். யாரு மாட்டுனதுன்னு மறுபடி கேட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “லைசென்ஸ் வூட்டுக்குத் தபால்ல வந்துருமாமுங்க.”

அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் வெளியில் பிடித்தது இது முதல் தடவை. அவளும் விடுவிக்கவில்லை. வண்டி வரைக்கும் அப்படியே போனோம். வழி தெரியாமல்தான் பிடித்தேன் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஏறி உட்கார்ந்ததும் சொன்னேன், திங்கட்கிழமை என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, ஆடி பிறப்பதற்கு முன்னால் காட்டிவிடலாம் என்று. செரிங்க என்றாள். கியர் போட்டாள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு தாண்டியது வரைக்கும் தெரியும்.

விழித்தபோது வண்டி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் அணைந்து சூடு ஆறும் சத்தம். அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்று கேட்டேன்.

“கால் மணி நேரமாச்சுங்க. கொறட்டை போட்டுட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வல்லே.”

இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் நான் தூங்கியதே இல்லை. எத்தனை டிரைவர், எத்தனை ராத்திரி, பக்கத்து சீட்டில் இமை கொட்டாமல் உட்கார்ந்து அவர்களுக்கும் சேர்த்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். இந்தப் பதினான்கு கிலோமீட்டரில் எந்தப் பாலத்தில் மெதுவாகப் போனாள், எந்த லாரிக்கு வழி விட்டாள், யார் ஹாரன் அடித்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. என் தலையில் இல்லாத ரோடு இது ஒன்றுதான்.

வழியில் நடந்ததை நீயே எழுதிக்கொள் என்று சொன்னேன். அடுத்த பக்கம் முழுக்க அவள் எழுதியிருக்கிறாள். வாசித்துக் காட்ட மாட்டேன் என்கிறாள்.